கறுப்புச் சொக்ஸ் தீர்வு

வெள்ளவத்தையில் கனகசபாபதியாரின் வாடகை வீடு ஒற்றை அறை; சமைக்க ஒரு குசினி மூலை. கட்டிலுக்கு எதிரே சாமிப்படங்கள். ஆகவே வீடு முழுவதும் கோயில். செருப்பு வாசலோடு சரி. இது மனைவி நேசமலரின் சட்டம். அவசரகாலச் சட்டத்தையாவது மாதாமாதம் பாராளுமன்றத்தில் நீடிக்கவேண்டும். இதற்கு அந்தச் சோலியும் இல்லை.

ஆசுபத்திரிக் கிளினிக்கில் தாதி கொன்ஸ்ரன்ஸ் மிஸி வேறு சட்டம் போட்டாள். சீனி வருத்தம் என்ற நீரிழிவு அவருடைய பாதங்களின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது.

"ஐயா, ஆணி ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடோணும். ஒவ்வொரு நாளும் அடிப்பாதத்தைப் பாக்கோணும். இல்லாட்டி விரலை எடுக்கவேண்டி வரும்."

"பிள்ளையாருக்கு முன்னால செருப்போடயோ?" என்றாள் நேசமலர். "மிஸி வேதக்காரி, சேர்ச்சுக்குள்ளயே செருப்போட போறவ. அவவுக்கென்ன!"

கந்தோரில் எந்த மேலதிகாரியும் கோபிக்காமல் காலம் தள்ளிய மனிதர் கனகசபாபதியார். நடுவழி ஒன்று கண்டார்: கந்தோருக்குப் போட்ட பழைய கறுப்புச் சொக்ஸ். செருப்புமில்லை, வெறுங்காலுமில்லை. இரு தரப்பும் ஏற்ற தீர்வு! நாட்டில் வேறு யாருக்கு அது கிடைத்தது?

அந்தக் கிழமை எங்கோ குண்டு வெடித்து, யன்னல் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. நேசமலர் கூட்டினாள்; ஒரு துண்டு தப்பியது. அதன்மேல் ஏறிய கால் நோகவில்லை. கறுப்புச் சொக்ஸில் இரத்தம் தெரியவில்லை. குனிந்து பார்க்க வயிறு விடவில்லை. சில நாள் கழித்து நேசமலர்தான் மூக்கைச் சுளித்தாள்: "இஞ்சருங்கோ, எலி ஏதும் செத்துக்கிடக்கோ?"

ஆசுபத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

"சொக்ஸ் மட்டும் போதுமெண்டு ஆர் சொன்னது? அதுவும் கறுப்பு!" என்று மிஸி எரிந்து விழுந்தாள். "வெள்ளையெண்டாலும் இரத்தம் காட்டிக் குடுத்திருக்கும்."

நேசமலர் வீட்டுக்கு வந்து சாமிப்படங்களைக் குசினித் தட்டில் ஏற்றித் திரை கட்டினாள். புதுச் செருப்பொன்றை மஞ்சள் தண்ணீரில் கழுவி, அவர் வீடு திரும்பும் நாளில் ஆசுபத்திரிக்கே கொண்டுபோய் மாட்டிவிட்டாள்.

ஓட்டோவால் இறங்கிய கனகசபாபதியார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே கால் எடுத்து வைத்தார்.

"செருப்போட வாங்கோ மனுசா!" நேசமலரின் குரல் மேல்வீட்டு ஹமீமாவையும் எட்டிப் பார்க்கவைத்தது.

"பழக்கம், நேசம்..."

"பழக்கத்துக்குப் படைக்க இனி ஒன்பது விரல்தான் கிடக்கு!"

அவர் திரும்பிப்போய்ச் செருப்புக்குள் காலை நுழைத்தார். நுழைந்ததா, காலுக்குத் தெரியவில்லை. குனிய இன்னும் வயிறு விடவில்லை.

"ஏறிட்டுதோ?" என்று அவளிடமே கேட்டார்.