நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே

இருசம்மாளுக்குக் கோபம் வந்தால் கல்வராயன் மலையில் கரடிகூட ஒற்றையடிப் பாதையை விட்டு ஒதுங்கி நிற்கும் என்பார்கள். ஒதுங்கிய கரடி இரண்டு நாள் தலை காட்டவில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஆள் என்னவோ காற்றடித்தால் சேலையோடு பறந்துவிடுகிற உடம்புதான். முப்பத்தேழு கிலோ. ரேஷன் கடைத் தராசில் அவளே ஏறி நின்று பார்த்தது.

பன்னிரண்டு வருடமாக ஆறு மணி பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் இறங்குகிறாள். அங்கே ஓர் ஓட்டலில் பாத்திரம் துலக்கும் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. மார்கழி, தை மாதக் காலைகளில் விரல் மடங்காது. அரை மணி முன்னதாகவே ஸ்டாப்புக்கு வந்து, சுள்ளி கொளுத்திக் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தால்தான் அன்றைக்கு வேலை ஓடும்.

அந்த நெருப்புக்குத்தான் இந்தத் தை மாதம் ஆபத்து வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து, சோலாரில் சூடேறும் பெஞ்சு ஒன்றைத் தாங்களே செய்து ஸ்டாப்பில் போட்டார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்து, 'நன்றாகச் சூடேறுகிறது' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பெஞ்சு நிரந்தரம், நெருப்புக்குத் தடை. அவர்களைக் கூட்டி வந்த ராஜதுரை சார் ஊராட்சியில் இதைப் பேசி முடித்திருந்தார். ஒன்பது பேர் போட்டாயிற்று. பத்தாவது ஆள் இருசம்மாள்.

உட்கார்ந்தாள். கிணற்றுக்குள் இறக்கி வைத்து எடுத்த இரும்பு போலிருந்தது. பத்து நிமிடம் போனது.

"இன்னா சார், குளிரு கம்மியாவும்னு பாத்தா ஜாஸ்தியாவுது?"

"மெதுவாத்தாம்மா ஏறும். ஒம்போது பேர் சூடுன்னு சொல்லிட்டாங்க. உங்க உடம்பு வாகு அப்படி."

பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மாணவி சுபஸ்ரீ தலையை நீட்டினாள்.

"அக்கா, நீங்க எத்தினி கிலோ?"

"முப்பத்தேழு. ஏன், பொண்ணு பாக்க வந்துக்கிறியா?"

"இல்லக்கா. நாப்பத்தஞ்சு கிலோவுக்கு மேல ஏறுனாத்தான் இது ஆன் ஆவும். நாய் ஏறிப் படுத்துக்கினு பேட்டரிய காலி பண்ணிடும்னு அப்படி வெச்சோம்."

இருசம்மாள் கத்தவில்லை. ஆனாலும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"அப்போ நானும் நாயும் உங்களுக்கு ஒண்ணு."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று சார் முந்திக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்ற செல்லன் என்பவர் சந்தைக்கு எடுத்துப்போக வைத்திருந்த சாமை மூட்டையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "இப்பப் பாருங்க."

அடியில் ஏதோ 'டிக்' என்றது. கொஞ்ச நேரத்தில் சூடு பரவியது. நல்ல சூடு. பொய் சொல்வானேன், அவள் பிறந்ததிலிருந்து உட்கார்ந்த இடங்களிலேயே இதுதான் சுகமான இடம். அதனால்தான் கோபம் இரட்டிப்பாயிற்று.

"வந்துடுச்சில்ல? போடுங்க கையெழுத்து."

"நடந்தாலும் மூட்டை, உக்காந்தாலும் மூட்டையா சார்? இதே பஸ்ஸுல பள்ளிக்கூடம் போற மீனா இருபத்தெட்டு கிலோ. அவ மடியில இன்னாத்த வெப்பீங்க, உங்களையா?"

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். அறிக்கை இன்னிக்கே போயாவணும்."

மூட்டையைச் செல்லனிடம் தள்ளிவிட்டுப் படிவத்தை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். அச்சடித்த வரியின் மேல் நீளக் கோடு கிழித்து, மடங்காத விரல்களால் கீழே எழுதினாள்: 'ஆள் இளைத்திருந்தால் சூடு கிடையாது. இருசம்மாள்.'

பிறகு பெஞ்சுக்கு நேர் எதிரே சுள்ளிகளைக் குவித்தாள்.

"நெருப்பு கூடாதுன்னு பேசியாச்சும்மா."

"பத்துப் பேர் நல்லாக்குதுன்னு சொன்னப்புறந்தான சார்? ஒம்போதுதான் ஆவுது."

தீக்குச்சி கிழித்தாள். சுள்ளி பற்றிக்கொண்டது. மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்த சுபஸ்ரீ முதல் ஆளாக வந்து கையை நீட்டினாள்.

"நீ எத்தினி கிலோ?"

"அம்பத்திரெண்டுக்கா."

"அப்போ உனக்குத்தான் பெஞ்சு இருக்குதே. போய் அதுல உக்காரு."