சைக்கிளை எங்கே வைப்பது

பனச்சமூட்டிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் புதிதாக நேர் பஸ் விட்டபோது, எனக்கு அங்கே ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் வேலை. எங்கள் வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது. ஜங்ஷன்வரை சைக்கிளில் வந்து பஸ் ஏறுவேன். சுற்றுவட்டாரத்தில் பலரும் அப்படித்தான். பஸ் விட்டவர்கள் இத்தனை சைக்கிள்களை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. ஜங்ஷனில் இருந்த தையற்கடைச் சுவரோரம் சாத்திவிட்டு ஓடுவோம். பஸ் திரும்ப இடம் போதாமல், தையற்காரர் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி அவற்றை நகர்த்தி வைப்பார். சாயங்காலம் தேடித்தான் எடுக்கவேண்டும்.

ஒரு மழை நாளில் என் பச்சை லேடீஸ் சைக்கிளைக் கண்டுபிடித்து, பூட்டைத் திறந்து, நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன். காலையில் பார்த்தால் பெல் வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம்தானே இருக்கும்? அம்மாவிடம் கேட்டேன்.

"நீ தினம் ஓட்டுற சைக்கிளு, என்கிட்ட கேக்குதியே!"

அதையே ஓட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பெண் ஒருத்தி, அதே மாதிரி பச்சை சைக்கிளோடு நின்றாள்.

"எக்கா, நீங்க கொண்டு போனது எனக்க சைக்கிளாக்கும்."

"அப்போ இது எனக்கதா?"

"எனக்கு அறிஞ்சூடா." கையை விரித்தாள். "ரெண்டு நாளா இதையாக்கும் ஓட்டுறேன்."

நான் மாற்றி எடுத்தது நேற்றுத்தானே? அவள் சாவி இரண்டு பூட்டுகளையும் திறந்தது. என் சாவியும் அப்படியே. அவள் கொண்டுவந்த சைக்கிளின் பெல்லும் வலப்பக்கம்தான் இருந்தது.

தையற்காரர் கடைக்குள்ளிருந்து கத்தினார். "பஸ்ஸு வருது மக்கா! ரெண்டையும் வச்சிட்டு ஏறுங்க!"

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலி, சீட்டு, மட்கார்டு என்று யோசித்துக்கொண்டே போனோம். ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் ஆளுக்கொன்றை எடுத்தோம். சில வாரங்கள் வேறு யாருடைய செருப்பையோ போட்டு நடப்பதுபோல இருந்தது.

பிறகு பஞ்சாயத்து, பஸ் நிறுத்தத்தை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, டோக்கன் கொடுக்க ஆளும் வைத்தது. தையற்காரருக்கு நிம்மதி. நானும் அவளும் தினமும் ஒன்றாகவே பஸ் ஏறினோம். ஒருநாள் கேட்டாள்:

"எக்கா, உங்க சைக்கிளுல பிரேக்கு நல்லா பிடிக்குதா?"

"நல்லா பிடிக்குது."

அவள் முகம் சுருங்கியது. "அப்போ அது எனக்கதாக்கும்."