வேலூரில் போட்ட தையல்

ஆரணி கொசப்பாளையத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்தது எழுபத்திரண்டாம் வருஷம். எனக்கு முன்பே அங்கே ஒரு மருமகள் இருந்தாள். என் கணவர் ஜெகநாதனின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடும் வேணுகோபாலின் மனைவி. பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவளாம், அதனால் அந்தப் பெயர். முழுப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. தெருவுக்கு அவள் அபிதா. எனக்கு அக்கா.

ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று தெருவில் எதிர்பார்த்தார்கள். நாங்கள் அப்படி இல்லை. நெய்து முடித்த சேலையை எடுத்துக்கொண்டு ஆண்கள் பட்டுக்கடைக்குப் போன மதியங்களில் அடுப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை வறுத்துத் தின்போம். அக்கா தொலியை ஊதித் தள்ளிவிட்டு நல்ல கடலையாகப் பொறுக்கி என் பக்கம் நகர்த்துவாள். அந்த வறுத்த வாசனை எங்காவது வந்தால் இன்றைக்கும் எனக்கு அவள் ஞாபகம்தான்.

நான் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு கரு ஐந்தாம் மாதத்தில் போயிருந்தது. இரண்டாவதை நான் கண்ணால் பார்த்தேன். விடிகாலை, வெயில் ஏறுவதற்கு முன் தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆறு மாத வயிற்றோடு அக்கா ஒரு ஓரமாக நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். திடீரென்று, "கமலம், கொஞ்சம் இங்க வா" என்றாள். உப்பு கேட்பதுபோல் சாதாரணமான குரல். கிட்டே போனால் புடவை முழுவதும் நனைந்திருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ஆண் குழந்தை. கொஞ்ச நேரம் மூச்சு விட்டது. பிறகு இல்லை.

அடுத்த வருஷம் மூன்றாவதும் அப்படியே.

இதற்கிடையில் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தார்கள். அவர்களைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது அக்காதான். அவளிடம் மட்டும் என் பையன் அழ மாட்டான். துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் வாளி கழுவிக்கொண்டிருப்பாள்.

எங்கள் மாமியார் சின்னம்மாள் கொடுமைக்காரி இல்லை. ஆனால் மூன்றாவதும் போன பிறகு அவளுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. தேவிகாபுரத்தில் தூரத்து உறவில் ஒரு பெண் இருந்தாள். ஒரு நாள் மாமாவுக்குச் சோறு போடும்போது மாமியார் பேச்சை எடுத்தாள்.

"டேய் வேணு, வம்சம் வேணுன்டா. அவள ஒண்ணும் தொரத்தலியே. ரெண்டு பேரும் இருந்துட்டுப் போறாங்கோ."

மாமா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"கட்டிக்கட்டும் அத்தே. நான் ஒரு மூலையில தறி போட்டுகினு இருக்கேன். எனக்கு இன்னா?"

மாமா பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

அவர் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து வந்து சட்டையை மாட்டினார். "கெளம்பு, அந்த டாக்டரம்மாவ பாத்துட்டு வரலாம். கமலம், நீயும் வாம்மா" என்றார்.

டாக்டரம்மா என்றால் டாக்டர் சாரா. வேலூரில் படித்தவர். ஹைஸ்கூல் வாத்தியார் இருதயசாமியைக் கல்யாணம் செய்துகொண்டு ஆரணிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்போதுதான் ஒரு கிளினிக் திறந்திருந்தார். அதுவரை நாங்கள் போகாத கோயிலில்லை, கட்டாத கயிறில்லை, குடிக்காத டானிக் இல்லை. ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது டாக்டரைப் போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. "ஒவ்வொரு தடவையும் எப்படி ஆச்சு, முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"வலி எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"வலியே இல்லீங்க."

"எந்தத் தடவை?"

"மூணு தரமும் இல்லீங்க. இடுப்பு லேசா கனத்துச்சு. அப்புறம் தண்ணி ஒடஞ்சதுதான் தெரியும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அக்காவை உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து மாமாவையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"சுருக்குப்பை பார்த்திருப்பீங்க. அதோட கயிறு தளர்ந்திருந்தா உள்ள போட்டது கனம் ஏறுனதும் தானா கீழ வந்துடும். பையிலயும் குத்தமில்ல, உள்ள இருக்கறதுலயும் குத்தமில்ல. இவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். கர்ப்பப்பையோட வாய்க்கு பலம் பத்தல. அடுத்து தரிச்சதும் எங்கிட்ட வாங்க. மூணு மாசம் தாண்டுனதும் வேலூர்ல வாயைச் சுத்தி ஒரு தையல் போட்டு இறுக்கிடலாம். பிரசவ நேரத்துல அதை எடுத்துட்டா போதும்."

"தையல் போட்டா நிக்குங்களா?" மாமா கேட்டார்.

"நிறைய பேருக்கு நிக்குது. எல்லாருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா வேறொன்று கேட்டாள். "அப்போ நான் இன்னா தப்பு பண்ணேன் டாக்டரம்மா?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா."

கிளினிக்கில் அவள் அழவில்லை. வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனங்களுக்கு நடுவில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

எழுபத்தேழில் அவள் நான்காவது முறையாக உண்டானாள். ஆடி பிறந்த சமயத்தில் வேலூரில் தையல் போட்டு அனுப்பினார்கள். வாராவாரம் ஒரு ஊசி, வேளாவேளைக்கு மாத்திரை, மற்றபடி படுக்கை. தறிப்பக்கமே போகக்கூடாது. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் இருக்கும்படி படுக்க வைத்தோம்.

அதன் பிறகுதான் எங்கள் மாமியாரைப் பார்க்க வேண்டும்! தேவிகாபுரம் என்ற பேச்சே அவள் வாயிலிருந்து மறைந்துபோயிற்று. வாசற்படியில் போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். பார்க்க வந்தவர்களை, "உள்ள போவாத. இன்னா கேக்கணுமோ என்னக் கேளு" என்று அங்கேயே மறித்துவிடுவாள். அக்கா புரண்டு படுத்துக் கட்டில் கிரீச்சிட்டால் போதும், "கமலம், ஜல்தி போ, எழுந்துக்கிறாளா பாரு!" என்று என்னை விரட்டுவாள்.

படுத்தே கிடப்பதுதான் அக்காவுக்குப் பெரிய பேஜார். ஓடியாடியே பழகியவள். பக்கத்து அறையில் தறி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூரை ஓடுகளைப் பார்த்தபடி கிடப்பாள். சாயங்காலமானால் மாமா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தினசரியை எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். உலகச் செய்தி, தங்கம் விலை, காணவில்லை அறிவிப்பு, ஒன்றையும் விட மாட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பேசி அவள் கேட்டது அந்த மாதங்களில்தான் அதிகம்.

என் பங்குக்கு சினிமா. மேட்னி பார்த்துவிட்டு வந்து முழுக்கதையையும் நடித்துக் காட்டுவேன். வில்லன், கதாநாயகி, அவளுடைய அப்பா, எல்லாம் நானே. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வாசலிலிருந்து மாமியார் கத்துவாள்: "அடியே, சிரிக்க வெக்காதடி! தையலு பிரிஞ்சிடப்போவுது!" அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வரும். அப்படியே ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் தாண்டின. தாண்டியதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு மதியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கமலம், வலிக்குதுடி."

அவள் முகத்தில் பயமும் இருந்தது, ஆச்சரியமும் இருந்தது. பிள்ளை வலி என்றால் என்னவென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து பார்த்தார். "தையல் இருக்கும்போது வலி ஏறிட்டா வாய் கிழிஞ்சிடும். குழந்தையும் ரொம்பச் சின்னது. உடனே வேலூர் போயாகணும்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டார். தெருக்கோடியில் பன்னீர்செல்வத்தின் வாடகைக் கார் நின்றது. பின்சீட்டில் அக்காவை என் மடியில் படுக்க வைத்துக்கொண்டேன். மாமியார் மாமாவோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டு அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கண்ணமங்கலம் தாண்டி ஒரு தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே பாதை, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. பன்னீர்செல்வம் காரை நிறுத்திவிட்டார்.

"இன்னாண்ணே, திரும்பிடலாமா?"

மாமா கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் வரை நனைந்தது. கால்களால் தரையைத் தடவித் தடவி, பாதை எங்கே இருக்கிறதோ அங்கே நின்று, திரும்பிக் கையை ஆட்டினார். கார் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போயிற்று. அக்கா தலையைத் தூக்கி, "எங்க அவரு?" என்று கேட்டாள். "முன்னால நடந்து போறாரு" என்றேன்.

வேலூரில் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றி வலியை அடக்கினார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு மூச்சுப்பை முதிர வேண்டும் என்று சொல்லி அக்காவுக்கு வேறொரு ஊசியும் போட்டார்கள். அம்மாவுக்குப் போடும் ஊசி வயிற்றுக்குள்ளிருக்கும் பிள்ளையின் மூச்சுக்கு உதவும் என்பது எங்களுக்கெல்லாம் நம்ப முடியாத சங்கதி. "இப்பதான் வந்திருக்கிற வைத்தியம்மா, ஒரு நாள் கெடைச்சாக்கூட குழந்தைக்கு லாபம்" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். வலி இரண்டு நாள் அடங்கியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் மறுபடி எடுத்தபோது, இனி நிறுத்த வேண்டாம் என்று தையலை அறுத்துவிட்டார்கள்.

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் அழுதது. வராந்தாவில் நின்ற எங்களுக்கே அந்த அழுகை கேட்டது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் சூட்டில் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகப் போட்ட மெல்லிய குழாயில்தான் பால். மாமியார் முதலில் பெட்டியை ஒத்துக்கொள்ளவே இல்லை. "புள்ளைய பொட்டியில வெப்பாங்களா?" என்று சண்டைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்துப் பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "அதுல வெச்சாதான் ஒடம்பு தேறும், ஒனக்குத் தெரியாது" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். தை பிறந்த பிறகுதான் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆதிலட்சுமி என்று பெயர் வைத்தோம்.

அதன் பிறகு வெகுகாலம் அக்கா உண்டாகவில்லை. எண்பத்துநான்கில், அவளே எதிர்பார்க்காதபோது, மறுபடி கரு நின்றது. அதற்குள் வேலூரில் ஸ்கேன் வந்திருந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்து அனுப்பினார். நானும் கூடப் போனேன். இருட்டறையில் அக்காவின் வயிற்றில் வழவழவென்று எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்தினார்கள். சின்னத் திரையில் சாம்பலும் கருப்புமாக என்னவோ தெரிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த இளம் டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதோ துடிக்குது பாருங்க, இதயம்."

கடுகு அளவுக்கு ஒரு புள்ளி. மின்னி மின்னி அடங்கியது. அக்கா கண் இமைக்காமல் பார்த்தாள்.

"டாக்டர், நான் அழலாங்களா? படம் ஆடிடாதே?"

"கொஞ்சம் ஆடும். பரவாயில்ல, அழுங்க" என்று அவர் கருவியை எடுத்துக்கொண்டார்.

தையல் அந்த முறையும் உண்டு. ஆனால் கட்டிலுக்குச் செங்கல் வேண்டாம், கனமான வேலை செய்யாமல் வீட்டுக்குள் நடமாடலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கு அது பிடிக்கவே இல்லை. "போன தரம் தலகீழா படுக்க வெச்சீங்க, இப்போ நடக்கச் சொல்றீங்க. ஒரு பேச்சா பேசுங்களேன்!" என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார். "நாங்களும் கத்துக்கிட்டேதான் இருக்கோம் ஆயா." மாதம் முழுதாக நிறைந்தது. தையலை ஆரணியிலேயே, டாக்டரம்மா கிளினிக்கிலேயே எடுத்தார்கள். அங்கேயே பையன் பிறந்தான். கொழுகொழுவென்று, முழுத் தொண்டையில் கத்திக்கொண்டு.

சேவூரில் நெசவுக் குடும்பத்தில் சகாயம்மாள் என்று ஒரு பெண். அவளுக்கும் இரண்டு முறை இப்படியே போயிருந்தது. அக்காவின் கதையைக் கேள்விப்பட்டுக் கைக்குழந்தையோடு இருந்த அக்காவைத் தேடி வந்தாள். அக்கா அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். தையல் போட வேலூருக்கும் கூடப் போனாள். பிரசவம் ஆன சேதி வந்ததும், பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள்.

பெண் குழந்தை. சகாயம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் புருஷன் சத்தியராஜ் எங்களுக்கு இரண்டு முறை காபி வாங்கிக் கொடுத்தான். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கால் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வர மனமில்லை. நான்தான் கடைசியில், "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று கிளப்பினேன்.

திரும்பி வந்த ஆரணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாயங்கால வெயில். கொஞ்ச தூரம் வரை அக்கா சகாயம்மாளின் குழந்தைக்கு யார் சாயல் என்று பேசிக்கொண்டு வந்தாள். அப்புறம் பேச்சு நின்றது. பார்த்தால் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஆரணி வந்து ஜனங்களெல்லாம் இறங்கிய பிறகும் நான் அவளை எழுப்பவில்லை. கண்டக்டர் வந்து சொன்ன பிறகுதான் எழுப்பினேன்.