அடிமட்டம் கிளெமென்ற் காய்ச்சிய வசம்புத் தைலம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கையொன்றில் குடியிருந்த கிளெமென்றுக்குச் சனம் வைத்த பட்டம் ‘அடிமட்டம்’, கோடு கீறுகிற அளவுச் சட்டம். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படம் கீறியவர். பென்சன் எடுத்தும் அந்தப் புத்தி ஓயவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டால் கரண்டியின் மேலே கத்தியால் வழித்து மட்டம் பார்ப்பார். பாண் வெட்டினால் துண்டுக்குத் துண்டு ஒரே தடிப்பு. இப்படி ஒரு மனுசனோடு ஐறீன் எப்படித்தான் இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தினாளோ, அது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

ஐறீன் இப்போது வீட்டில் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில், அக்காவுக்கு ஒப்பரேசன் என்று யாழ்ப்பாணம் போனவள். இரண்டு கிழமையில் வருவதாகத்தான் பேச்சு. ஆனியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. பூட்டியது பூட்டியதுதான்; இரண்டரை வருடம் ஓடிவிட்டது. கடைசியில், கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கடிதம் கொடுத்துவிட்டிருந்தாள். “பயணப் பாஸ் கிடைத்துவிட்டது. கார்த்திகை ஐந்தாம் திகதி வெளிக்கிடுகிறேன். கிளாலியில் படகேறி, வவுனியா வந்து, ஸ்ரேசனில் கோச்சி பிடிப்பேன். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பாருங்கள்.”

அரிசி இருந்தது. மனுசனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல வேளையாகக் கையில் ஒரு வேலை இருந்தது. தேவாலயத்தின் ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பாளர் அவர். பிள்ளைகளுக்காக ‘வேதகாலத்து நாணலும் வாசனைப் புல்லும்’ என்று ஒரு கண்காட்சி வைக்கப் பதினைந்தாம் திகதி குறித்திருந்தார். முகத்துவாரம் போய், களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாணல் வெட்டி வந்தார். குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட பெட்டியைப் பின்னித் தாரும் பூசினார். தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட நாணல் அளவுகோலையும் செய்தார். ஆறு முழம், முழத்துக்கு முழம் நாலு விரல் கூட. அதை மூன்று தரம் அளந்தார் என்று சொல்லவும் வேண்டுமோ?

மிச்சமிருந்தது வாசனைப் புல். மோசே வழிபாட்டுக்கு அமைத்த ஆசரிப்புக் கூடாரத்து அபிஷேக தைலத்தில் வெள்ளைப்போளம், கறுவா, இலவங்கப்பட்டையோடு சேருகிற அந்தப் புல்லுக்கு நமது தமிழ் வேதத்தில் வசம்பு என்றுதான் இருக்கிறது. வேறு ஏதோ புல் என்று வாதாடும் படித்தவர்களும் உண்டு. கிளெமென்ற் அவர்களைச் சட்டை செய்வதில்லை. பச்சைப் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் சுட்டு உரைத்துப் பருக்குகிற அந்த வேரா மோசேயின் தைலத்தில்! பிள்ளைகள் இதை மணந்து பார்க்கவேண்டாமா? சும்மா வேரை மேசையில் வைப்பதென்ன, தைலத்தையே காய்ச்சிவிடுவோம் என்று தீர்மானித்தார்.

ஐந்தாம் திகதி பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனார். அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில் மயிலம்மா என்று ஒரு பெண். அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இருபது வருடமாக அந்தக் கடையில் வேர் பொறுக்கித் தெரிகிறவள். கண்ணை மூடிக்கொண்டு மணந்தே மருந்தின் பேர் சொல்லுவாள். அவர் போய்ச் சேர்ந்த நேரம் கடைச் சாமிப்படத்துக்கு விளக்கேற்றியாகிவிட்டது.

“வசம்பு இருக்கோ?”

மயிலம்மா பதறி வாயில் விரல் வைத்தாள். “விளக்கு வச்ச நேரத்துல அதோட பேரச் சொல்லாதீங்கய்யா. பேர் சொல்லாததுன்னு கேளுங்க.”

“ஏன், பேர் சொன்னால் வேர் எழும்பி ஓடிப்போகுமோ?” கிளெமென்றுக்குச் சிரிப்பு. “வசம்பு, வசம்பு, வசம்பு! பாரும், ஒண்டும் நடக்கேல்ல. இதெல்லாம் மூடநம்பிக்கை, அம்மா.”

“சிரிங்க, சிரிங்க. ஒவ்வொருத்தருக்கும் பயப்பட ஒண்ணு இருக்கும்” என்று சொல்லி அவள் தராசைத் தூக்கினாள். வேதத்தில் சொன்னது ஐந்நூறு சேக்கல் நிறை, இருநூற்றைம்பது சேக்கல் நிறை என்ற கணக்கு. இவர் அதைச் சுருக்கி நாலு சரக்கையும் ஐம்பது கிராம், இருபத்தைந்து கிராம் என்று வாங்கினார். தராசு முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வரும் வழியில் காவலரணில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பார்சலைப் பிரித்து, மணந்து, முகம் மலர்ந்தான். “வதகஹ! அங்கள்கே பபாட்டத?” வசம்பு அங்கிளின் பிள்ளைக்கா என்று சிங்களத்தில் கேட்கிறான்! “நே, பள்ளியட்ட” என்று, கோயிலுக்குத்தான் என விளக்கினார் கிளெமென்ற். அறுபது வயதில், மனைவி வன்னிக்கு அப்பால் இருக்க, பிள்ளையாம் பிள்ளை! வீடு வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆறாம் திகதி காய்ச்சினார். ஒலிவ எண்ணெய் பாமசியில் சுண்டுவிரல் அளவுப் போத்தலில்தான் கிடைத்தது. அதை ஊற்றி, மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். ஒழுங்கை முழுக்க மணத்தது. பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து மதிலால் எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்ரர், மனுசி வரப்போறா எண்டு இப்பவே அத்தரோ?” என்று கேட்டு அவரைச் சிவக்க வைத்தார்.

பதினாலாம் திகதி பின்னேரம் கண்காட்சிப் பொருட்களுக்குச் சீட்டுகள் எழுத உட்கார்ந்தார். ஐறீன் பத்தாம் திகதியே வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏழாம் திகதியிலிருந்து கிளாலியில் படகு ஓடவில்லை என்று கதை அடிபட்டது. தைலத்தின் செய்முறையைப் பார்த்தெழுத வேதத்தைத் திறந்தவர், முன்பு பக்கம் முடிந்த இடத்தில் நிறுத்தியதை இம்முறை புரட்டிப் படித்தார். அடுத்த பக்கத்தில் கர்த்தர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இதைப் போல ஒருவனும் செய்யக்கூடாது. செய்கிறவனும் அதைப் பூசுகிறவனும் தன் சனத்திலிருந்து அறுபட்டுப் போவான்.

கிளெமென்ற் கலண்டரை எடுத்துப் பார்த்தார். ஆறாம் திகதி நான் காய்ச்சினேன், ஏழாம் திகதி படகு நின்றது. அளந்தே வாழ்ந்த மனுசனுக்கு இந்தக் கணக்குப் பிசகாமல் பொருந்தியது. எனக்குச் சனம் என்று இருப்பது அவள் ஒருத்திதானே, ஆண்டவரே!

போத்தலைக் கொட்டவும் பயம், வைத்திருக்கவும் பயம். துணியில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் வசம்பை மணந்து மூக்கைச் சுளித்தார்கள். பொறுப்பாளர்தான் பேயறைந்தவர் போல நின்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கொட்டாஞ்சேனைக்கு ஓடினார். போதகரிடம் சொல்ல வெட்கம். வேறு யாரிடம் சொல்வது? மயிலம்மா எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை, அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

“என்ன எண்ணெய்ல காய்ச்சுனீங்க?”

“தேங்காயெண்ணெய். கொஞ்சம் ஒலிவ எண்ணெயும் விட்டனான்.”

“அப்ப அது உங்க சாமி சொன்ன தைலமே இல்ல. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்.”

“ஆனா அந்தக் கொஞ்சம்...”

“ஐயா, அந்தச் சொட்டு எண்ணெய்க்காக உங்க வீட்டம்மாவ வழியில மறிச்சு வச்சிருக்குமா உங்க சாமி? அம்புட்டு அற்பமா அது?”

பஸ்ஸில் வரும்போது கிளெமென்றுக்குப் பாதி ஆறுதல், பாதி பயம்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சோறு கொதிக்கிற மணம், அதற்கு மேலாக வசம்பு மணம். குசினியில், பலகைக் கட்டையில், காலை நீட்டிக்கொண்டு ஐறீன் இருந்தாள். மெலிந்து, கறுத்து, தலை பாதி நரைத்துப்போய். இரண்டரை வருடமும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வீட்டுக் கதவுத் திறப்பு பக்கத்தில் கிடந்தது. வீங்கிய ஒரு முழங்காலில் எண்ணெய் மினுங்கியது. போத்தல் பாதி காலி.

“ஐயோ ஐறீன்! அதை ஏன் தொட்டனீர்?”

“வந்தனீரோ எண்டு கேக்கேல்ல, எண்ணெயைத் தொட்டனீரோ எண்டு கேக்கிறியள்” என்றாள் அவள். “அஞ்சு நாள் படகுக்கு நிண்டு, மிச்சம் நடந்து, வவுனியாவில மறிபட்டு வந்த கால் இது. அரிசி எடுக்கப் போன இடத்தில கிடந்தது. நல்ல எண்ணெய்.”

அவர் வேத வசனத்தைச் சொன்னார். செய்தவனும் பூசினவனும் தன் சனத்திலிருந்து அறுபட்டுப் போவான் என்று.

ஐறீன் அவரையே பார்த்தாள். “இரண்டரை வருசம் அறுபட்டுக் கிடந்தது போதாதோ? இனி என்னத்தை அறுக்கிறது? இஞ்ச வாங்கோ, மற்றக் காலுக்கும் பூசிவிடுங்கோ.”

கிளெமென்ற் தரையில் உட்கார்ந்தார். அழுகையும் சிரிப்புமாகப் போத்தலைச் சரித்தார். எண்ணெய் உள்ளங்கை நிரம்பி, விரலிடுக்கால் வழிந்து, அவள் கால் நனைந்து, தரையில் சொட்டியது.

“இஞ்சேருங்கோ, சிந்துது” என்றாள் ஐறீன்.

“சிந்தட்டும்” என்றார் அடிமட்டம்.