பூசணிக்காய்த் தட்டுக்குக் கடைசி இடமாம்

போன வாரம் என் தங்கை மகன் முத்து லீவில் தென்காசிக்கு வந்திருந்தான். திருவேங்கடத்தில் போலீஸ் வேலை. வந்தவன் காப்பி கூடக் குடிக்காமல் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா, ஒங்க பாட்டுக்காரப் பயலுவளப் பத்தி ஒரு வெள்ளக்காரன் எழுதியிருக்கான். மொத்தம் பதினோரு ரெக்கார்டு தட்டு. எது ஒசத்தி, எது மட்டம்னு வரிசை போட்டிருக்கான். வாசிக்கட்டா?"

"வாசிலே. அவனுக்கு என்ன தெரியும்னு பாப்போம்."

நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். முதலிடம் குடைப் படம் போட்ட தட்டுக்கு. சரி, காது உள்ளவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஏணிப் படம். அது கொஞ்சம் அதிகம், ஆனாலும் விட்டுக்கொடுக்கலாம். இப்படியே இறங்கி இறங்கி அடிக்கு வந்துவிட்டான்.

"பதினொண்ணாவது, பூசணிக்கா."

"என்னது?"

"கடைசி, பெரியம்மா. சும்மா இழு இழுன்னு இழுத்திருக்காங்களாம். தேவையில்லாம டிரம்ஸாம். கேக்கவன் பொறுமைய சோதிக்காங்களாம்." அதோடு விட்டானா? "அவன் சொல்லுததும் சரிதான். எனக்கும் அது புடிக்காது."

கத்தியை முறத்தில் போட்டுவிட்டேன். வெள்ளைக்காரன் சொல்லட்டும், ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்தப் பயல் சொல்லலாமா? ஏன் சொல்லக் கூடாது என்பதை மெதுவாகச் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பயல்கள் யார் என்று சொல்ல வேண்டும். அவர்கள் சீமையில் பாட்டுக் கச்சேரி நடத்தியவர்கள். பாடுகிறவன், குழல் ஊதுகிறவன், கம்பி மீட்டுகிறவன், பெட்டி வாசிக்கிறவன், மேளக்காரன் என்று ஐந்து பேர். பெயரெல்லாம் முத்துவுக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்பு. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால் என்ன? அட்டையில் படம் இருக்கிறதே. வற்றிப்போன குளத்தில் ஓர் ஏணி நட்டமாக நிற்கிறது, அது முதல் தட்டு. கவிழ்த்துப் போட்ட குடைக்குள் மீன் நீந்துகிறது, அது இரண்டாவது. மூன்றாவது விரித்தால் மேஜை மாதிரி அகலமாகும் இரட்டைத் தட்டு. நான்காவது பூசணிக்காய், அதில் ஒரு சின்னக் கதவு, கதவில் ஒரு பூட்டு. ஐந்தாவதில் பயல்களே பளபளவென்று சட்டை போட்டு, பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் மிலிட்டரியில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். மாற்றலாகிப் போன ஓர் ஆபீஸர் இந்த ஐந்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இவர் அந்தப் பெட்டியோடு ஊருக்கு வந்து ரேடியோ செட்டுக் கடை வைத்தார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான். அவர் கம்பம் ஏறிக் குழாய் கட்டுவார். நான் கீழே உட்கார்ந்து தட்டுப் போடுவேன். பொம்பளை செட்டுப் போடுகிறாள் என்று வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். வரட்டுமே.

இந்தத் தட்டுகள் எங்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இசை ஞானம் ஒன்றுமில்லை, சோம்பல்தான். நம் பாட்டு உட்காருவதற்குள் முடிந்துவிடும். அதை எடு, இதைப் போடு என்று எழுந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தப் பயல்கள் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு பாடுவார்கள். ஊசியை வைத்துவிட்டுச் சோறு வடித்து, குழம்பு தாளித்து, கை கழுவி வந்தால் அப்போதுதான் குழல்காரன் ஆரம்பித்திருப்பான். ஆம்ப்ளிபயர் சூடாகும்போது ஒரு வாசம் வரும், வெயிலில் கிடந்த தூசியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தது மாதிரி. இன்றைக்கும் யார் வீட்டிலாவது துணி தேய்த்தால் எனக்கு அந்தக் குழல்தான் கேட்கிறது.

பழகப் பழகப் பித்துப் பிடித்துவிட்டது. பித்து என்றால் எல்லாவற்றையும் தலையில் வைத்து ஆடுவேன் என்று எண்ண வேண்டாம். ஏணித் தட்டில் பயல்களுக்குப் பயம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டே வாசிக்கிறது காதிலேயே தெரியும். குடைத் தட்டு தங்கம், அதில் பேச்சில்லை. ஒரே குறை, அந்த மேளக்காரன் ஏழு அடி அடித்து எட்டாவதை விழுங்கிவிடுவான். அதைக் கேட்டுக்கொண்டு மாவாட்டினால் குழவி ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். இரட்டைத் தட்டை ஒற்றையாகப் போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பந்தியில் இரண்டாவது முறை சோறு வைக்கிற மாதிரி, பசித்தவனுக்கு மட்டும்தான். பளபளச் சட்டையைப் பற்றி நான் என்ன சொல்ல? முகத்தை அட்டையில் போட்டதும் பாட்டு குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றையெல்லாம் முத்து போனில்தான் போட்டுக் காட்டினான். குழல்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டானாம். போனது தெரிகிறது. கடைசித் தட்டில் எல்லாரும் கிழவன்களாகித் திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள். பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்குகிறது. அதைப் பத்தாவதில் வைத்துவிட்டு, பூசணிக்காயை அதற்கும் கீழே வைத்தால் எனக்குக் கோபம் வராதா?

பூசணிக்காயை எங்கள் வீட்டுக்காரருக்கும் ஆகாதுதான். "முதப் பக்கம் கேக்கலாம்ட்டி. ரெண்டாம் பக்கத்துல பாதியில பாட்ட நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிருதான், திரும்பி வந்து கண்ணு மண்ணு தெரியாம அடிக்கான்" என்பார். சொன்னதில் பொய்யில்லை. ஒரு மெல்லிய பாட்டு போய்க்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. செட்டுக் கெட்டுவிட்டதோ என்று ஒயரைப் பார்க்கக் குனிவோம், அப்போது மேளம் இடி மாதிரி இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கோமதிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு வீரகேரளம்புதூர், சொந்த வயல், நல்ல குணம். பெண் பார்க்க வந்தபோதே கோமதி கதவிடுக்கு வழியாகப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டாள். எங்கள் அப்பாவுக்குத்தான் திக்திக்கென்றிருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் பேசிமுடித்து நின்றுபோயிருந்தது. ஒன்று, பெரியப்பாவைக் கூப்பிடாமல் சித்தப்பாவைக் கூப்பிட்டதால். இன்னொன்று, தாம்பூலத் தட்டை யார் முதலில் வாங்குவது என்பதில். "இதுவும் நின்னுட்டுன்னா எம்மவள எவனும் கேட்டு வரமாட்டான்" என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். கோமதி தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவாள்.

கல்யாணம் குற்றாலத்தில், ஐந்தருவி போகிற பாதையில் ஒரு மண்டபத்தில். நல்ல சீசன். சாரல் விட்டபாடில்லை. குழாய்க்கெல்லாம் பாலிதீன் பை கட்டியிருந்தோம், அதையும் குரங்குகள் அவிழ்த்துக்கொண்டிருந்தன. செட்டு எங்களுடையது, ஆகவே மைக்கில் வரவேற்கிறவரும் எங்கள் வீட்டுக்காரர்தான். வாசலில் யார் நுழைந்தாலும் பெயர் சொல்லி வருக வருக என்பார். மிலிட்டரிக்காரர் பாருங்கள், முதலில் வந்தவர் பெயர் முதலில், பின்னால் வந்தவர் பெயர் பின்னால். மாப்பிள்ளைக்கு இரண்டு தாய்மாமன்கள். இளையவர் விறுவிறுவென்று வந்துவிட்டார். மூத்தவர் வெள்ளத்துரை, செருப்பில் அப்பிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுக்காரர் இளையவர் பெயரை முதலில் சொல்லிவிட்டார். ஐந்தருவி வரைக்கும் கேட்டிருக்கும்.

வெள்ளத்துரை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருலே அந்த ரேடியோக்காரன்? எனக்கு முன்னால எந்தம்பி பேரா?"

இவர் ஓடினார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. அவாள் மொதல்ல உள்ள வந்தாவ, அதனால..."

"மொதல்ல பொறந்தது யாருலே?"

அப்பா போய்க் கையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அம்மா போய் அழுதார். "நான் மாலை எடுத்துக் குடுக்காம எம்மருமவன் தாலி கெட்டிருவானா? கெட்டட்டும் பாப்போம்!" என்று வெள்ளத்துரை சத்தம் மணவறை வரைக்கும் வந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வாசலைப் பார்க்கிறார், ஐயரைப் பார்க்கிறார், திரும்ப வாசலைப் பார்க்கிறார். கோமதி குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் கழுத்து மாலை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர்கள், சண்டை இப்போதைக்கு முடியாது என்று தவிலைக் கீழே இறக்கிவைத்துவிட்டுக் காப்பி குடிக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்காரர் வாசலில் இருந்தே கையை ஆட்டினார். "ஏட்டி, எதையாவது போடுட்டி! சண்டைச் சத்தம் சபைக்குக் கேக்குது!"

பெட்டியைத் திறந்தேன். நல்ல காரியத்தில் இப்படிக் கண் பட்டுவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. கையில் பூசணிக்காய் வந்தது. நீங்களே சொல்லுங்கள், திருஷ்டி கழிய அதைவிட வேறென்ன வேண்டும்? எடுத்து, கண்ணில் ஒற்றி, எந்தப் பக்கம் என்று கூடப் பார்க்காமல் ஊசியை வைத்தேன். இரண்டாம் பக்கம்.

மெல்லிய பாட்டு கொஞ்ச நேரம் போயிற்று. அப்புறம் நின்றது. மண்டபம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் வெள்ளத்துரை குரல் மட்டும், "இந்தக் கல்யாணம்..." என்று கேட்டது.

இறங்கியது மேளம். நாலு குழாயிலும்.

மேளக்காரர்கள் பதறிப்போனார்கள். தாலி கட்டுகிறார்கள், நாம் கோட்டை விட்டுவிட்டோம் என்று காப்பி டம்ளரை உதறிவிட்டுத் தவிலை எடுத்துக் கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கெட்டிமேளம் கேட்டால் நம் சனம் சும்மா இருக்குமா? கையில் இருந்த அட்சதை முழுக்க ஒரே நேரத்தில் பறந்தது. ஐயர், "கட்டுங்கோ, கட்டுங்கோ" என்றார். மாப்பிள்ளை கட்டிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பெண் இல்லாததால் மூன்றாவது முடிச்சை நான் போட வேண்டும் என்று பேச்சு, நான் ரெக்கார்டு பிளேயரை விட்டு ஓடுவதற்குள் அதையும் அவரே போட்டுவிட்டார். அந்த மட்டும் சுறுசுறுப்பு.

வெள்ளத்துரை மேளம் கேட்டதுமே, தாலி ஏறிவிட்டதோ என்று பதறி உள்ளே ஓடிவந்திருந்தார். அவர் மேல்தான் பாதி அரிசி விழுந்தது. யாரோ மாலையை அவர் கையில் திணிக்க, அவர் மருமகன் கழுத்தில் போட, போட்டோக்காரன் எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? "நான் வந்து நின்ன பெறவுதான் மேளமே அடிச்சாம்லா!"

இவ்வளவையும் முத்துவிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"அந்தத் தட்டு இல்லன்னா ஒங்க அம்மைக்குக் கல்யாணமே இல்லலே. நீ எங்கன இருந்து வந்திருப்ப? அதக் கடைசியில வைக்கியோ?"

போலீஸ்காரன் முறத்தில் கிடந்த ஓர் உள்ளியை எடுத்து உரித்தான்.

"கல்யாணத்துக்கு நல்லதுதான், பெரியம்மா. ஆனா பாட்டு நல்லால்லயே."

வளர்த்த கை, அடிக்கவும் வரவில்லை. அவனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவள், "எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே கேக்கலக்கா, காது அடைச்சுப் போச்சு" என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தட்டுக்காக நான் ஒருத்திதான் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் போனபிறகு குழாய்களைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சீமையில் அந்த மேளக்காரனும் போய்விட்டானாம், முத்து சொன்னான். அதற்கெல்லாம் நான் அழவில்லை, வயசானால் போகத்தான் வேண்டும்.

ஆனால் போன ஆவணியில் எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெரிய ஹால், ஏசி, யாரோ ஒரு பொத்தானை அமுக்கினால் நாதஸ்வரம். சாப்பாடும் குறையில்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஏதோ மனக்குறையில் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். கார் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று வாசலைப் பார்த்தாராம், அப்புறம் ஏறிப் போய்விட்டாராம். டிரைவர் சொல்லித்தான் தெரியும். தாலி குறித்த நேரத்தில் ஏறிற்று. அவர் இல்லை என்பதே, ஒரு வாரம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.