விசிலுக்கு முன்னால் எழுந்தவர்

அவருக்குக் கோந்து என்று பெயர் வைத்தது மேட்ச் பார்க்கும் கூட்டம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான் காரணம். மழை கொட்டினாலும் சரி, கோல் மேல் கோல் வாங்கி டீமின் மானம் கப்பலேறினாலும் சரி, கடைசி விசில் கேட்காமல் மனிதர் சீட்டை விட்டு அசைந்ததில்லை. பாதியில் கிளம்புகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெயிக்கும்போது மட்டும் உட்காருகிறவன் ஒரு ரசிகனா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார்.

வேலை, லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கில் வாய் வைத்து, பதறாதீங்க, வந்துட்டேன், இங்கேயேதான் இருக்கேன் என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுசு போய்விட்டது. சொன்னபடி இருக்கவும் செய்வார். ஊராருக்கு அப்படியொரு தங்கமான மனிதர். வீட்டாருக்கு எப்படி என்றால், அதைச் சொல்லத்தான் இந்தக் கதையே.

அவருக்கு ஒரே மகள். தான் கட்டிக்கொள்ளப் போகிற பையனைப் பற்றி அவள் முதலில் அம்மாவிடம் சொன்னாள். அப்புறம் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் சொன்னாள். அப்பாவிடம் கடைசியாகச் சொன்னாள். பையன் வெளியூர்க்காரன், போதாக்குறைக்கு அந்த ஊர் டீமின் ரசிகன். கோந்து முறுக்கிக்கொண்டு திரிவதற்கு அதுதான் காரணம் என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். பெற்ற அப்பன் தையல்காரிக்கும் அப்புறம்தானா என்று நெஞ்சுக்குள் எரிந்ததை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வீம்பைப் பிடித்துக்கொண்டு எத்தனை அப்பன்மார்கள் குட்டிச்சுவராகிறார்கள், பாருங்கள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்த அன்று, வேண்டுமென்றே மேட்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மைதானத்திலிருந்து அந்த அலுவலகம் கூப்பிடு தூரம். இடைவேளையில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, கையெழுத்துப் போடாம உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம். எழுந்து வாங்கப்பா."

அவர் போனை அணைத்தார். விசில் ஊதும்வரை உட்கார்ந்தே இருந்தார். அன்றைக்கு அவருடைய டீம் ஜெயித்தது. கோல் போட்டது யார் என்று கேட்டால் இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மகள் அவரோடு பேசவில்லை. அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவோடு மட்டும் பேசுவாள், அவர் சமையலறைக் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பார். இப்படியே வருஷங்கள் ஓடின.

இந்த வருஷம் மகள் வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே அவருடைய டீமுக்கு மேட்ச் விழுந்தது. அந்த ஊருக்கு அவர் போனதே இல்லை. மனைவி இரண்டு பக்கமும் மன்றாடி ஒருவழியாக ஏற்பாடு செய்தாள். மேட்ச் முடிந்த கையோடு முன்கேட்டு டிக்கெட் கவுண்டர் பக்கம் மகள் வருவாள், அப்பா அங்கே இல்லாவிட்டால் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டாள். கிளம்பும்போது மனைவி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே, "இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா அவ்வளவுதான். இன்னொரு தடவை நான் கெஞ்ச மாட்டேன்," என்றாள். ரசிகர்கள் போன பஸ் முழுக்கப் பாட்டும் மேளமும் தூள் பறந்தது. அவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, நல்லா இருக்கியாம்மா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அது யாரோ விருந்தாளியிடம் கேட்பது மாதிரி வந்தது.

அந்த மைதானம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. முன்கேட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால்கூடப் பார்க்க விடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சோதனை போட்டு, இரண்டு பக்கமும் தகரம் அடித்த சந்து வழியாகக் கூட்டிப் போய், கம்பி வலை போட்ட ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். மேட்சும் சரியாகப் போகவில்லை. இரண்டாம் பாதியிலும் ஒரு கோல் பின்தங்கியே இருந்தார்கள். பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் இந்த மைதானத்துக்கு முன்பே வந்தவர். முடிந்ததும் முன்கேட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவரிடம் கோந்து கேட்டார்.

"முன்கேட்டா? நல்லா போனீங்க போங்க," என்று பேக்கரிக்காரர் சிரித்தார். "விசில் ஊதினதும் நம்ம பக்கக் கதவைப் பூட்டிடுவாங்கண்ணே. உள்ளூர்க் கூட்டம் மொத்தமும் கலைஞ்ச பிறகுதான் நம்மளை விடுவாங்க. வெளியில அடிதடி ஆகிடக் கூடாதுல்ல."

மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று கோந்து போனை எடுத்தார், அந்தக் கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கப்போகிறது? மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்கள் ஏன் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. கதவருகே நின்ற காவலாளியிடம் ஓடி, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது, போவதென்றால் இப்போதே போகலாம், போனால் திரும்ப வர முடியாது என்றான் அவன்.

சீட்டுக்குத் திரும்பி வந்து பையை எடுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அவர்கள் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. கோந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியிறங்கினார். பேக்கரிக்காரர் மேளத்தை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். பின்னாலிருந்து யாரோ துரோகி என்று கத்தினார்கள். வேறு யாராவது அப்படி எழுந்து போயிருந்தால் முதல் ஆளாகக் கத்தியிருப்பவர் அவர்தான்.

தகரச் சந்தைத் தாண்டும்போது உள்ளே பெரிய ஆரவாரம் எழுந்தது. யார் போட்ட கோல் என்று தெரியவில்லை, நிற்கவும் இல்லை. முன்கேட்டு மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. பாதித் தெருக்களைத் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். எதிர்ப்பட்ட நாலைந்து பேர் அவருடைய ஜெர்சியை முறைத்துப் பார்த்தார்கள். ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கி, அதைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கவுண்டர் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. விசில் ஊதியது, கூட்டம் திமுதிமுவென்று வெளியே வந்தது. கவுண்டர் படிமேல் ஏறி நின்று வருகிற ஒவ்வொரு முகமாகத் தேடினார். கூட்டம் மெலிந்தது, தெரு காலியானது, கவுண்டர்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார். மகள் வரவில்லை. அவள் ஏன் வர வேண்டும்? வராத ஆளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

பூட்டிய கதவை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். அவருடைய கூட்டம் பாடிக்கொண்டே வெளியே வந்தது. அந்தக் கார்னரிலேயே கோல் விழுந்துவிட்டதாம். பஸ் அருகே பேக்கரிக்காரர் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றார். கண்ணாடி போட்டிருந்தாள். மகள் கண்ணாடி போட்டது அவருக்குத் தெரியாது. யாரோ என்று தாண்டிப் போகப் பார்த்தார்.

"அப்பா."

பக்கத்தில் நின்ற மருமகன், உள்ளூர் டீமின் ஸ்கார்ஃபைச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "உங்க ஆளுங்களை இந்தப் பக்கம்தான் விடுவாங்க மாமா. அதான் மேட்ச் முடியறதுக்கு முன்னாடியே இவளை இங்க கூட்டிட்டு வந்து நின்னேன்," என்றான்.

மகள் அவருடைய ஜெர்சியின் தையலைப் பார்த்தாள். "விசிலுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டீங்களாமே? இந்த மேளக்கார அண்ணன் சொன்னார்."

"உனக்காகத்தாம்மா," என்றார். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அதைச் சொன்னார், பாவம்.

அவளுடைய உதடு கோணியது. கண்ணாடியைக் கழற்றிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ உங்களால எழுந்திருக்க முடியும். அன்னிக்கும் முடிஞ்சிருக்கும், இல்லப்பா?"

அவர் பையைக் கீழே வைத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"முடிஞ்சிருக்கும்மா," என்றார் அவர்.