இரண்டு விசில்

பஸ் டிரைவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், வெளியே அவருடைய மனைவியும் மைத்துனரும் நர்ஸம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

போன வருஷம் ஒரு விபத்தில் அவருடைய சிறுநீர்ப் பாதை அறுந்துபோனது. அன்றிலிருந்து வயிற்றில் குழாய், தொடையில் பை, டெப்போ வாசலில் காவல் வேலை. டாக்டர்கள் அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்தே துளி சதை எடுத்து, செல்களை வளர்த்து, மெல்லிய வலைக்குழாய் ஒன்றில் படரவிட்டு, அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோலத்தான். புதுச் சதை பிடித்ததும் வலை தானாகக் கரைந்துவிடும். இன்று வயிற்றுக் குழாயை அடைத்தாயிற்று. சிறுநீர் இயல்பாகப் போய்விட்டால் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம்.

“ஏங்க, வந்துச்சா?”

“வாசல்ல கூட்டம் போட்டா எப்படிடி வரும்?”

“பஸ் நிறைய ஆள் ஏத்துறவருக்கு மூணு பேர் கூட்டமாம்!”

பக்கத்தில் ஆள் நின்றால் அவருக்கு எப்போதுமே வராது. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமென்று நர்ஸம்மா கை கழுவும் குழாயைத் திறந்து பார்த்தார்; தண்ணீர்தான் வீணானது. மனைவியின் முகம் வாடியது.

மைத்துனர், டிரைவர் முன்பு ஓட்டிய அதே பஸ்ஸில் கண்டக்டர். பொறுக்கமாட்டாமல் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

“போலாம் ரைட், மச்சான்!”

“சார், இது ஆஸ்பத்திரி!” என்றார் நர்ஸம்மா.

உள்ளே டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இறுகியிருந்த உடம்பு சிரிப்பில் தளர்ந்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு சீராகச் சத்தம் கேட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வண்டி கெளம்பிடுச்சா, மச்சான்?”

“கெளம்பிடுச்சு மாப்ள. நடுவுல ஸ்டாப்பிங் கேக்காதே!”